சைக்கிளும் மோட்டார் வண்டியும்: கருங்குழிச் சாலை கற்பிக்கும் பாடம்

நெசவாளருக்குத் தறி எப்படியோ, உழவருக்கு ஏர் எப்படியோ, அப்படியே இருவருக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டு. அதுவே சைக்கிள். சங்கத்திலிருந்து நூல் சிட்டம் எடுத்துவரவும், நெய்த துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கவும், கழனிக்குப் போய்த் தண்ணீர் பாய்ச்சி வரவும், பால் கேனைச் சங்கத்தில் சேர்க்கவும், புல்லுக்கட்டை வீடு சேர்க்கவும் இன்றைக்கும் நம்மில் பலருக்கு உதவுவது இதுவே. எண்ணெய் கேட்பதில்லை, உரிமம் கேட்பதில்லை, வழியில் நின்றுபோனால் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேரலாம். இவ்வளவு எளிய வாகனத்தில் செல்பவர், தம்மைக் காட்டிலும் பன்மடங்கு எடையும் வேகமும் கொண்ட மோட்டார் வண்டிகளோடு ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொள்ள நேர்கிறது. அப்பங்கீடு எவ்வாறு நடைபெற வேண்டும், பிசகினால் என்ன நேரும், நேர்ந்தபின் குடும்பம் எவ்வாறு நிமிர்ந்து நிற்கும் என்பவற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

நம் சாலையின் நிலை

கருங்குழிப் பேரூர், படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் இடையில், சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி அமைந்திருப்பது யாவரும் அறிந்ததே. ஜி.எஸ்.டி. சாலை என்று நாம் வழங்கும் இச்சாலைக்கு முன்னர் 45 என்ற எண் இருந்தது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010-இல் புதிய எண்கள் வழங்கப்பட்டபின் இப்பகுதி 32-ஆம் எண் பெற்றது. எண் மாறியதைவிடச் சாலையின் இயல்பு மாறியதே நமக்கு முக்கியம். மாட்டு வண்டியும் சைக்கிளும் பஸ்ஸும் ஒன்றையொன்று பார்த்து விலகிச் சென்ற பழைய சாலை, நடுவே திட்டு எழுப்பிய நான்கு தடச் சாலையாகிவிட்டது. வண்டிகள் நிற்காமல் ஓடவேண்டும் என்பதே இத்தகைய சாலையின் நோக்கம். ஆனால் சாலைக்கு இருபுறமும் உள்ள ஊர்களில் வசிப்பவர்களுக்கோ, அது குறுக்கே கடக்க வேண்டிய ஒன்று. வீடு ஒரு பக்கம், கழனி மறு பக்கம். பள்ளி ஒரு பக்கம், ரயில் நிலையம் மறு பக்கம் என்று வாழ்கின்ற ஊர்களில், நீளவாக்கில் ஓடும் வேகமும் குறுக்குவாக்கில் செல்லும் தேவையும் சந்திக்கின்றன. மோதல்கள் பெரும்பாலும் இச்சந்திப்பிலேயே பிறக்கின்றன.

இதனோடு பருவத்துக்குப் பருவம் மாறும் போக்குவரத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். கரும்பு அரவைக் காலத்தில் படாளத்திலுள்ள மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் செல்லும். நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருவோரின் கார்கள் கிராமச் சாலைகளிலும் நுழையும். கிழக்கே மாமல்லபுரக் கடற்கரை வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாட்களில் விரையும் கார்களையும், விடியற்காலையில் உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் ஓட்டுவோரையும் ஒருங்கே காணலாம். உல்லாசத்துக்காக ஓட்டுபவராயினும், பிழைப்புக்காக ஓட்டுபவராயினும், பின்னால் வரும் காருக்கு முன் இருவர் நிலையும் ஒன்றே.

பழைய கதையும் பெருகிய தொகையும்

சைக்கிளும் காரும் மோதிக்கொள்வது நேற்று முளைத்த தொல்லையன்று. 1896-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஹென்றி வெல்ஸ் என்பவர் ஓட்டிய மோட்டார் வண்டி, எவலின் தாமஸ் என்ற பெண்மணியின் சைக்கிள்மீது மோதியது. அம்மாதுக்குக் கால் முறிந்தது. ஓட்டியவர் அன்றிரவு காவலில் வைக்கப்பட்டார். அந்நாட்டில் முதன்முதலாகப் பதிவான மோட்டார் விபத்துகளுள் ஒன்றாக இதனைக் குறிப்பிடுவர். ஆக, மோட்டார் வண்டி தெருவுக்கு வந்த காலத்திலேயே அதன் முதல் பலிகளுள் ஒருவராகச் சைக்கிள்காரரும் சேர்ந்துவிட்டார்.

நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-இல் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்; 64,105 விபத்துகள். இறந்தவர் தொகையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடி 17,884 பேருடன் இரண்டாமிடம். நாடு முழுவதும் அவ்வாண்டில் இறந்த சைக்கிள்காரர்கள் மட்டும் ஏறக்குறைய 4,800 பேர். ஒரு நாளைக்குப் பதின்மூன்று பேர் என்று கணக்காகிறது.

இத்தொகை யாரைத் தொடுகிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியர்க்கு அத்திட்டம் விரிவாக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்கள் பல்லாயிரவர்க்குச் சைக்கிள் பழக்கி நாட்டுக்கே வழிகாட்டியது. பெண்களுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் கால்களாக அமைந்த வாகனம் இது. அதனை அச்சத்தின் பொருட்டு மூலையில் சார்த்திவைப்பது தீர்வாகாது. அச்சமின்றி ஓட்டும் வகை செய்வதே தீர்வு.

வேகத்தின் கணக்கு

எதிரே ஓர் ஆபத்தைக் காரோட்டி காண்கிறார் என்று கொள்வோம். கண் கண்டதை அறிவு உணர்ந்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குச் சுமார் ஒன்றரை வினாடி செல்லும். அந்த ஒன்றரை வினாடியிலும் வண்டி பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மிதித்த பின்னரும் உடனே நிற்பதில்லை. தேய்ந்து தேய்ந்தே நிற்கும். நல்ல டயரும் உலர்ந்த சாலையும் இருக்குமாயின், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் முழுவதும் நிற்கச் சுமார் 26 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டர் வேகமாயின் 45 மீட்டர்; 80 ஆயின் 69 மீட்டர்; 100 ஆயின் 98 மீட்டர். மழை நனைத்த சாலையிலும், பாரம் ஏற்றிய லாரிக்கும் இத்தொலைவு இன்னும் கூடும்.

இக்கணக்கில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு இரு மடங்கன்று, நான்கு மடங்காகிறது. மோதும் வேகத்தின் கொடுமையும் அவ்வாறே பெருகும். கார் மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 கிலோமீட்டராக உயருமானால், அடிபட்ட பாதசாரி இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சைக்கிள்காரரின் உடலுக்கும் பாதசாரியின் உடலைப் போலவே இரும்புக் கூடு கிடையாது. ஆகவே ஊர் எல்லையில் வேகத்தைக் குறைக்கும்படி எழுதியிருக்கும் பலகையை வெறும் பலகை என்று காரோட்டி எண்ணக்கூடாது. அவர் குறைக்கும் பதினைந்து கிலோமீட்டரே ஓர் உயிரின் விலையாக இருக்கலாம்.

மோதல் நிகழும் வழிகள்

விபத்து என்பது விதியால் வருவது என்று சொல்லிவிடுவது எளிது. ஆராய்ந்து பார்த்தால் அது சில குறிப்பிட்ட வழிகளிலேயே திரும்பத் திரும்ப வருகிறது. வழி தெரிந்தால் அடைக்கவும் முடியும்.

முதலாவது, பின்னாலிருந்து மோதுதல். இருட்டிலும் மங்கல் வெளிச்சத்திலும் இது மிகுதி. காரோட்டி சைக்கிளைக் காணவே இல்லை, அல்லது நெருங்கியபின் கண்டார் என்பதே பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது, முந்திச் செல்லும்போது உரசுதல். போதிய இடைவெளி விடாமல் லாரியோ பஸ்ஸோ முந்தும்போது, அது தள்ளும் காற்றே சைக்கிளை ஆட்டிவிடும். ஜெர்மனியில் 2020 முதல் சைக்கிளை முந்தும் மோட்டார் வண்டி ஊருக்குள் ஒன்றரை மீட்டரும், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டரும் இடைவெளி விடவேண்டும் என்பது சட்டம். அவ்வளவு இடம் ஏன் என்று கேட்பவர், பள்ளத்தைக் கண்ட சைக்கிள்காரர் ஒருமுறை ஒதுங்கினால் எவ்வளவு ஒதுங்குவார் என்று எண்ணிப்பார்த்தால் விடை கிடைக்கும்.

மூன்றாவது, இடப்புறம் திரும்பும் வண்டி. சைக்கிளை முந்திவிட்டோம் என்று நினைத்து உடனே இடப்பக்கத் தெருவில் திரும்பும் கார், நேரே வரும் சைக்கிளை மறித்துவிடும். நீண்ட லாரிகளின் இடப்பக்கத்தில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத இடம் உண்டு. அங்கே நிற்கும் சைக்கிள்காரர் கண்ணாடியில்கூடத் தெரியமாட்டார். லாரி ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்று கொள்வதே நல்ல விதி.

நான்காவது, வலப்புறம் திரும்பும் சைக்கிள். பின்னால் திரும்பிப் பாராமலும் கை காட்டாமலும் நடுச்சாலைக்கு வருவதால் நேர்வது இது. நான்கு தடச் சாலையில் ஓடும் வண்டிகளின் குறுக்கே சைக்கிளில் ஏறி அமர்ந்தபடி வலப்புறம் திரும்ப முயலவே கூடாது. இடப்புறமாகவே இறங்கி நின்று, இருபுறமும் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பதே பாதுகாப்பு. சுரங்கப்பாதையோ மேம்பாலமோ இருப்பின் சற்றுச் சுற்றானாலும் அதுவே நேர்வழி.

ஐந்தாவது, நின்றிருக்கும் காரின் கதவு. கடைத்தெருவில் காரை நிறுத்தியவர் பின்னால் பாராமல் கதவைத் திறந்தால், வரும் சைக்கிள்காரர் அதில் மோதிக் கீழே விழுவார். விழுந்தவர்மேல் பின்வரும் வண்டி ஏறவும் கூடும். நெதர்லாந்து நாட்டில் இதற்கு ஓர் எளிய பழக்கம் உண்டு. கதவுக்குத் தொலைவிலுள்ள கையால் கதவைத் திறப்பார்கள். நம் நாட்டில் காரோட்டி வலப்பக்கம் அமர்கிறார். ஆகவே அவர் இடக்கையால் திறக்கவேண்டும். அவ்வாறு திறக்கும்போது உடல் தானே திரும்பும், கண் தானே பின்புறம் நோக்கும். காசு செலவில்லாத இப்பழக்கத்தைக் கார் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் இன்றே கைக்கொள்ளலாம்.

ஆறாவது, எதிர்த்திசை ஓட்டம். நம் பகுதிக்கு மிகவும் பொருந்துவது இதுவே. நடுத்திட்டில் திறப்பு வெகுதொலைவில் இருப்பதால், அரை மைல் சுற்றுவதற்குச் சோம்பி, வண்டிகள் வரும் திசைக்கு எதிராகவே ஓரமாகச் செல்லும் வழக்கம் பெருகிவிட்டது. எதிரே வருவதைக் கண்ணால் காணலாமே, அது பாதுகாப்பன்றோ என்று வாதிடுவோர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் 80 கிலோமீட்டர், சைக்கிள் 15 கிலோமீட்டர் வேகம் என்க. இரண்டும் ஒரே திசையில் சென்றால் கார் நெருங்கும் வேகம் 65. எதிர்த்திசையில் வந்தாலோ 95. நூறு மீட்டர் இடைவெளி முன்னதில் ஐந்தரை வினாடியில் கரையும். பின்னதில் நான்கு வினாடிக்குள் கரைந்துவிடும். மோதலின் ஆற்றலோ இரு மடங்குக்கும் மேலாகிறது. அன்றியும், பக்கத்துத் தெருவிலிருந்து சாலையில் ஏறும் வண்டியோட்டி வலப்புறம் பார்ப்பாரேயன்றி, இடப்புறமிருந்து ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்கமாட்டார். மிச்சப்படுத்தும் ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு பெரிய விலை தகாது.

இருளும் ஒளியும்

முன்னாளில் நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை கொடுத்த காலத்தில், விளக்கில்லாமல் ஓட்டினால் போலீசார் பிடித்து அபராதம் விதிப்பார்கள். அபராதத்துக்கு அஞ்சியாவது எண்ணெய் விளக்கோ டைனமோ விளக்கோ வைத்திருந்தார்கள். வில்லை போயிற்று, அதனோடு விளக்கும் போயிற்று. இது பெரும் நஷ்டம்.

தாழ்ந்த ஒளியில் வரும் காரின் முன்விளக்கு, கறுத்த உடை அணிந்து விளக்கின்றிச் செல்பவரை முப்பது நாற்பது மீட்டருக்குள் வந்தபின்னரே தெளிவாகக் காட்டும். மேலே கண்ட கணக்கை நினைவுகூருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்பதற்கே 45 மீட்டர் வேண்டும். ஆகவே காரோட்டி நல்லவரேயாயினும், குடிக்காதவரேயாயினும், விளக்கில்லாத சைக்கிளைக் கண்டபின் அவரால் நிறுத்த முடிவதில்லை. இதற்கு மாறாக, பின்புறச் சிவப்பு வில்லையும் பெடல்களில் பொருத்திய பிரதிபலிப்பு வில்லைகளும் வெகுதொலைவிலிருந்தே மின்னும். பெடல் வில்லை மேலும் கீழும் அசைவதால், முன்னே செல்வது சைக்கிள் என்பதும் உடனே விளங்கிவிடும். சைக்கிள்களில் பொருத்தும் பிரதிபலிப்பு வில்லைகள் இந்தியத் தர நிறுவனத்தின் தரத்துக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்று 2020-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. புதுச் சைக்கிளோடு வரும் வில்லைகளை அழகுக்குக் குறை என்று கழற்றி எறிவது, காவல்காரனை வேலையிலிருந்து நீக்குவதற்கு ஒப்பாகும்.

புல்லுக்கட்டும் துணி மூட்டையும் கேரியரில் கட்டும்போது பின்வில்லை மறைந்துபோகிறது. அப்போது மூட்டையின்மேலேயே ஒளிரும் பட்டை ஒன்றைக் கட்டிவிடலாம். வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டும் இருளில் நமக்கு நண்பர்கள். கறுப்பும் கருநீலமும் நண்பர்களல்ல. தலைக்கவசம் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. எனினும் விழுந்தால் தலைக்காயத்தின் கடுமையைப் பெரிதும் குறைக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளில் கண்ட முடிவு. பெருஞ்சாலையில் நாள்தோறும் பள்ளி செல்லும் பிள்ளைக்கு அதை வாங்கிக்கொடுப்பது வீண் செலவாகாது.

பிரேக், மணி, செயின், டயர் ஆகியவற்றை வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். தறியில் ஓர் இழை அறுந்தால் அன்றே முடிகிறோம். சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்தால் மட்டும் அடுத்த மாதம் என்கிறோம். இது முறையன்று.

ஊரார் திருத்திக்கொள்ள வேண்டியவை

காரோட்டிமீதே எல்லாப் பழியையும் சுமத்திவிட்டு இருப்பது நியாயமாகாது. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையின் பாதியை அடைத்து நெல்லும் உளுந்தும் எள்ளும் காயப்போடும் வழக்கம் நம் மாவட்டத்தில் எங்கும் காணக்கூடியது. தானியம் கலைந்துவிடாமலிருக்க அதைச் சுற்றிக் கல்லும் வைக்கிறார்கள். பகலில் அது சைக்கிள்காரரை நடுச்சாலைக்குத் துரத்துகிறது. இரவில் மறந்து விடப்பட்ட கல், சக்கரத்தில் பட்டு அவரை உருட்டிவிடுகிறது. களம் போதாமையே இதன் காரணம் என்பது உண்மை. ஆயின் களம் கட்டுவது கூட்டுறவால் ஆகாத காரியமா?

நெசவாளர் தெருக்களிலும் இதுபோன்ற நிலை உண்டு. விடியற்காலையில் தெருவில் பாவோட்டும்போது தெருமுனையில் ஒருவரை நிறுத்துவதோ, சிவப்புத் துணி கட்டிய கோலை நட்டுவைப்பதோ வருவோரைக் காக்கும், பாவையும் காக்கும். டிராக்டர் டிரெயிலர்களுக்குப் பின்விளக்கோ வில்லையோ இல்லாமல் இரவில் சாலையோரம் நிறுத்திவைப்பது இன்னொரு கொடிய வழக்கம். அதில் மோதி விழுகிறவர் அநேகமாக அடுத்த தெருக்காரராகவே இருப்பார்.

அடிபட்டவுடன் செய்யவேண்டுவன

2013 அக்டோபர் 20-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, டில்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் தலைவர் சுனிதா நாராயண் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தபோது கார் ஒன்று மோதிவிட்டு நிற்காமல் ஓடிற்று. வழியே வந்த முன்பின் அறியாதவர்கள் அவரை உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள். எலும்பு முறிவுகளுடன் அவர் பிழைத்தார். நாடறிந்த ஒருவருக்கும் அந்நேரத்தில் உதவியது அவருடைய பெயரன்று. நின்று தூக்கிய அயலாரின் இரக்கமே.

அவ்விரக்கத்துக்குக் குறுக்கே நின்றது போலீசு, சாட்சி, கோர்ட்டு என்னும் அச்சம். இன்று அந்த அச்சத்துக்கு இடமில்லை. 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும், நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. உதவியவர் தம் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தப்படமாட்டார்.

எனவே விபத்தைக் கண்டவர் செய்யவேண்டியது இது. 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், எந்த ஊரை நோக்கிய பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுத்திட்டுள்ள சாலையில் ஆம்புலன்சு தவறான பக்கம் வந்துவிட்டால் விலைமதிப்பற்ற நிமிடங்கள் கழிந்துவிடும். இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தும் முதுகும் அடிபட்டிருக்கலாமாதலால், நெருப்போ வேறு ஆபத்தோ இருந்தாலன்றித் தூக்கி உட்காரவைக்காதீர்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மோதிய வண்டியின் எண்ணை ஒருவர் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றிய கவலையால் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை. "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்னும் தமிழ்நாட்டரசுத் திட்டம் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரிலேயே 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிவைக்கப்பட்டது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெற இது வழிசெய்கிறது. தொடக்கத்தில் இதன் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். மத்திய அரசும் 2025 மே 5 முதல், ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை அறிவித்துள்ளது.

நஷ்டஈடும் சங்கத்தின் கணக்குப் புத்தகமும்

குடும்பத்தைத் தாங்கியவர் போய்விட்டால் சட்டம் என்ன தருகிறது என்பதை அங்கத்தினர்கள் அறியாமலிருப்பதால், பெறவேண்டியதைப் பெறாமல் போகின்றவர்கள் பலர். மோதிவிட்டு ஓடிய வண்டி இன்னதென்று தெரியாதபோது, 2022 ஏப்ரல் 1 முதல் இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாயும், கொடுங்காயமுற்றவருக்கு ஐம்பதாயிரம் ரூபாயும் உண்டு. முன்பு இத்தொகை முறையே இருபத்தைந்தாயிரமும் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுமாக இருந்தது. இதற்கு வருவாய்த் துறை வழியே மனுச் செய்யவேண்டும்.

வண்டி தெரிந்திருந்தால், ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாதலால், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 166-ஆம் பிரிவின்படி மனுச் செய்யலாம். விபத்து நடந்த இடத்திலன்றித் தாம் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஆறு மாதக் கெடு விதித்திருப்பதால் காலம் தாழ்த்தக்கூடாது.

தொகையை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்? 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை ஒன்று உண்டு. உதாரணத்துக்கு, முப்பத்தெட்டு வயதுடைய நெசவாளர் ஒருவர். மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருக்கிறார்கள் என்று கொள்வோம். மாத வருமானம் 12,000 ரூபாய் என்று மெய்ப்பிக்கப்பட்டால், நாற்பது வயதுக்கு உட்பட்ட சுயதொழிலாளராதலால் வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது சேர்ப்பார்கள், 16,800 ஆகிறது. தம் சொந்தச் செலவுக்காக நாலில் ஒரு பங்கைக் கழிப்பார்கள், 12,600. ஆண்டுக்கு 1,51,200. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 15. ஆகத் தொகை 22,68,000 ரூபாய். ஈமச் செலவு முதலிய சில சிறு இனங்கள் இதற்குமேல் சேரும்.

அதே நெசவாளருடைய வருமானத்துக்குச் சான்று இல்லை என்று கொள்வோம். தீர்ப்பாயம் உத்தேசமாக மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தால், அதே முறையில் தொகை 15,12,000 ஆகக் குறைகிறது. வித்தியாசம் 7,56,000 ரூபாய். மனிதர் ஒருவரே, உழைப்பும் ஒன்றே, இழப்பும் ஒன்றே. சான்று என்னும் ஒரு தாளால் ஏழரை லட்சம் ரூபாய் போகிறது.

அந்தத் தாள் எங்கே இருக்கிறது? சங்கத்தில் இருக்கிறது. நெசவுக்கூலிப் பதிவேடு, கூலி வரவு வைத்த பாஸ் புத்தகம், ஆலைக்குக் கரும்பு அனுப்பிய ரசீது, பால் சங்கத்து அளவு அட்டை ஆகியவை வெறும் எழுத்துகளல்ல. அனாதையாகும் குடும்பத்துக்கு அவையே சாட்சிகள். சங்கத்துக்கு வெளியே, ரசீதில்லாமல் தனியாருக்குத் துணியையோ விளைபொருளையோ தள்ளிவிடுகிறவர், அன்று கிடைக்கும் சில ரூபாய்க்காக இச்சான்றை இழக்கிறார் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். காயமுற்றவர்க்கும் இது பொருந்தும். கை முறிந்த நெசவாளருக்கு எத்தனை மாத வருமானம் நின்றுபோயிற்று என்பதைக் கூறவல்லதும் அப்புத்தகமே.

இன்னொன்றும் உண்டு. விபத்துக்கு இறந்தவரும் ஓரளவு காரணம் என்று தீர்ப்பாயம் கண்டால், அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கும். விளக்கில்லை, எதிர்த்திசையில் வந்தார் என்பன காப்பீட்டுக் கம்பெனி வழக்கமாக எழுப்பும் வாதங்கள். ஆகவே விளக்கும் வில்லையும் உயிரோடிருக்கையில் உயிரைக் காக்கும். அது தவறினாலும் குடும்பத்தின் உரிமையைக் காக்கும்.

சங்கம் செய்யக்கூடியன

நெதர்லாந்து இன்று சைக்கிளின் நாடு என்று புகழப்படுகிறது. அங்கும் 1971-இல் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவர்களில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர்கள் திரண்டு, பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று கிளர்ச்சி செய்தார்கள். சைக்கிளுக்குத் தனிப்பாதையும், குடியிருப்புத் தெருக்களில் வேகக் கட்டுப்பாடும் அதன்பின் படிப்படியாக வந்தன. அரசு தானே கொடுத்ததன்று. மக்கள் ஒன்றுகூடிக் கேட்டதனால் கிடைத்தது. ஒன்றுகூடுவது கூட்டுறவாளருக்குப் புதிய வித்தையன்று.

ஆகையால் ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றை ஆலோசிக்கலாம். பிரதிபலிப்பு வில்லைகளையும் ஒளிரும் பட்டைகளையும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு அங்கத்தினர்க்கு வழங்குதல். ஆண்டுக்கு இருமுறை சங்க வாயிலில் சைக்கிள் பழுது பார்க்கும் நாள் ஒன்று நடத்துதல். பொதுக் களத்துக்கு இடம் தேடுதல். சாலையைக் கடக்குமிடத்தில் விளக்கும் வேகத்தடையும் அணுகுசாலையும் வேண்டுமெனப் பேரூராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புதல். அங்கத்தினர் ஒவ்வொருவருடைய வருமானக் கணக்கையும் மாதந்தோறும் தவறாமல் பதிந்து கையெழுத்திடுதல். இவற்றுள் முதலிரண்டுக்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. கடைசிக்குப் பணமே வேண்டியதில்லை. ஒழுங்கு மட்டுமே வேண்டும்.

வாசக வட்டத்தில் ஆலோசிப்பதற்கு வினாக்கள்

1. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? அத்தூரத்தை உங்கள் ஊர்ச் சாலையில் அடியால் அளந்து பாருங்கள்.

2. எதிர்த்திசையில் ஓரமாகச் செல்வது பாதுகாப்பு என்பாருக்கு என்ன விடை கூறுவீர்கள்?

3. உங்கள் ஊரில் சைக்கிள்காரரை நடுச்சாலைக்குத் துரத்தும் தடைகள் யாவை? அவற்றுள் ஊராரே நீக்கக்கூடியவை எவை?

4. உங்கள் பாஸ் புத்தகத்தில் கடைசியாகப் பதிவு செய்யப்பட்ட தேதி யாது? சென்ற பன்னிரண்டு மாத வருமானத்தை அதிலிருந்து மெய்ப்பிக்க முடியுமா?

நான்காவது வினாவுக்கு விடையை வீட்டுக்குச் சென்று, புத்தகத்தை எடுத்துப் பார்த்தே சொல்லவேண்டும். வீட்டிலுள்ளவர்களுக்கும் அப்புத்தகம் இருக்குமிடம் தெரிந்திருக்கட்டும்.